சூப்பர்பைக்கா, ஸ்போர்ட் டூரரா: முன்பணம் கட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

ஆயிரம் சிசி சூப்பர்பைக் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிப் பதினொரே மாதத்தில் விற்றவன், அதில் எவ்வளவு நட்டம் என்பதை மனைவியிடம் இன்னும் முழுமையாகச் சொல்லாதவன் என்ற தகுதியில் இந்தச் செய்முறையை எழுதுகிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிறது. தோட்டத்து ஆலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. இப்போது மூன்று ஆண்டுகளாக ஸ்போர்ட் டூரிங் வகை மோட்டார் ஒன்றை ஓட்டி வருகிறேன். உரிமம் எடுக்கும் முறையை இங்கே விளக்கப் போவதில்லை. பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான் செல்லும், 500 சிசியைத் தாண்டினால் பி முழு உரிமம் வேண்டும் என்பதை அறிந்து, அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்பைக் என்பது பந்தயத் தடத்துக்கென உருவாக்கப்பட்டு, விளக்கும் எண் பலகையும் பொருத்திச் சாலைக்கு விடப்பட்ட வண்டி. ஸ்போர்ட் டூரர் ஏறக்குறைய அதே அளவு எஞ்சினைக் கொண்டிருந்தாலும், கைப்பிடி உயர்ந்தும், கால்மிதி தாழ்ந்தும், காற்றுத்தடுப்புக் கண்ணாடி பெரிதாகவும், பெட்டி மாட்ட இடத்தோடும் நெடுந்தூரப் பயணத்துக்கென அமைக்கப்பட்டது.

முதல் படி: இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்

கப்சாய் எனப்படும் சிறிய மோட்டாரோ காரோ, இப்போது எதை ஓட்டுகிறீர்களோ அதில் நீங்கள் போகும் ஒவ்வொரு பயணத்தையும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, மழையா வெயிலா, பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்ற ஐந்து விவரங்கள் போதும். மனத்தில் இருக்கும் பயணங்களை எழுதாதீர்கள். கேமரன் மலைக்குச் சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் ஞாயிற்றுக்கிழமை எல்லார் மனத்திலும் இருக்கிறது. என் நோட்டில் இருந்ததோ வேறு: தோட்டத்துச் செம்மண் பாதையும் அதன் வேகத்தடைகளும், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்த கூட்டரசுச் சாலை, ஈப்போவுக்கு மருந்து வாங்கப் போனது, மாமியாரைப் பார்க்க மனைவியோடு கோலகங்சார் போனது. இந்த நோட்டை நான் வண்டியை விற்ற பிறகுதான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி: உச்ச எண்ணைப் பார்க்காமல், அது கிடைக்கும் இடத்தைப் பாருங்கள்

ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். கவாசாக்கி இசட்எக்ஸ்-10ஆர் 998 சிசி, 203 குதிரைத்திறன். அதே கவாசாக்கியின் நிஞ்சா 1000எஸ்எக்ஸ் 1,043 சிசி, 142 குதிரைத்திறன். இந்த அளவோடு நிறுத்தினால் முதலாவதுதான் வாங்கத்தக்கது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் சுழற்றும் வலுவைப் பார்த்தால், ஒன்று ஏறக்குறைய 115 நியூட்டன் மீட்டர், மற்றொன்று 111. வேறுபாடு மிகச் சிறியது. அந்த விசை எங்கே கிடைக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது: இசட்எக்ஸ்-10ஆரில் நிமிடத்துக்கு 11,400 சுற்றில், 1000எஸ்எக்ஸில் 8,000 சுற்றில். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கி வருவது என்பதால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல முடிகிறதோ அவ்வளவுக்கு அந்த எண் பெருக்கும். நெடுஞ்சாலையில் நமக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தை ஆயிரம் சிசி சூப்பர்பைக் முதல் கியரிலேயே தாண்டிவிடும். மீதி ஐந்து கியரும், 203 குதிரைகளில் பெரும்பங்கும், நீங்கள் மாதத் தவணை கட்டியும் பயன்படுத்தாத பொருள்கள்.

இதை நிறுவனங்களும் அறிந்தே வைத்திருக்கின்றன. 1000எஸ்எக்ஸின் இடத்துக்கு வந்த நிஞ்சா 1100எஸ்எக்ஸில் எஞ்சின் 1,099 சிசியாகப் பெருத்தது. குதிரைத்திறனோ 136ஆகக் குறைந்தது. குறைந்த சுற்றில் இழுவையைக் கூட்டுவதற்காகவே உச்சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி: உட்கார்ந்து பார்ப்பது

நான் சறுக்கியது இந்தப் படியில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கடையில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சோதனை ஓட்டமும் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, மணிக்கட்டில் பாரமே இல்லை என்று பெருமையோடு திரும்பி வந்தேன். பாரம் ஏன் தெரியவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. முன்னால் குனிந்து உட்காரும்போது உடலின் மேற்பாதி எடையைத் தாங்க ஏதாவது ஒன்று வேண்டும். வேகமாகப் போகையில் மார்பில் மோதும் காற்றே அந்த எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும்; அதைத் திருப்பிப் போட்டால், வேகத்தைப் பாதியாகக் குறைத்தவுடன் அந்தத் தாங்கல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நெடுஞ்சாலையில் என்னைத் தாங்கிப் பிடித்தது காற்று. மறுநாள் தோட்டத்துச் சாலையில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், குலை லோரிக்குப் பின்னால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டபோது அந்தக் காற்று இல்லை. முழுப் பாரமும் இரண்டு மணிக்கட்டில் இறங்கியது. வேகத்தடை ஒவ்வொன்றும் முழங்கை வரை ஏறியது. ஒரு மாதத்துக்குள் ஆலையில் ஸ்பேனர் பிடிக்கும்போது உள்ளங்கை மரத்துப்போகத் தொடங்கியது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. கடையில் ஒருவரை வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு காலையும் கால்மிதியில் வைத்து, ஓட்டும் நிலையில் குனிந்து, முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் கைப்பிடியிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்குங்கள். அந்த நிலையில் மூச்சைப் பிடிக்காமல் முப்பது விநாடி இருக்க முடிந்தால், வண்டியின் அமைப்பு உங்கள் உடலுக்கு ஒத்துவரும். சில விநாடியிலேயே முன்னால் விழுந்தால், நாள்தோறும் உங்கள் மணிக்கட்டு அந்த எடையைச் சுமக்கப் போகிறது. இருக்கை உயரத்தைத் தாளில் பார்த்து ஏமாறாதீர்கள். நான் மேலே சொன்ன இரண்டு வண்டிகளுக்கும் அது ஏறக்குறைய ஒன்றே; கைப்பிடிக்கும் கால்மிதிக்கும் இடையே உடல் எப்படி மடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அடுத்து, சோதனை ஓட்டத்தை மெதுவான சாலையில் கேளுங்கள். கடைக்காரர் நெடுஞ்சாலையைக் காட்டினால், பணிவாக மறுத்துவிட்டு, ஊருக்குள் நாற்பது நிமிடம் வேண்டும் என்று சொல்லுங்கள். அது முடியாவிட்டால் நண்பரின் வண்டியை இரவல் வாங்குங்கள், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வாடகைப் பணம் வீண் என்று நினைப்பவர்கள் என் நட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ஸ்போர்ட் டூரர் வாங்கியும் மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். பிரேக் நெம்புகோலும் கிளட்ச் நெம்புகோலும் கடையிலிருந்து வந்தபடியே கிடைமட்டமாக இருந்தன. விரலை நீட்டினால் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் வரும்படி இரண்டையும் சற்றுக் கீழே சாய்த்த பிறகு அவருடைய வலி பெரிதும் குறைந்தது. எந்த வகை வண்டியாக இருந்தாலும் ஆறு கோணச் சாவியை எடுத்து முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

நான்காம் படி: வெப்பம், மழை, டயர்

நம் நாட்டுப் பகல் வெயிலில் சாலை விளக்குக்காக நின்றால், சூப்பர்பைக் எஞ்சினின் வெப்பம் நேராகத் தொடையில் வந்து விழும். ஸ்போர்ட் டூரரிலும் வெப்பம் உண்டு. அதை விலக்கி விடுவதற்குக் கூடுதலாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. கடையில் இதைக் கண்டறிய, எஞ்சினை ஓடவிட்டு விசிறி சுற்றத் தொடங்கும் வரை வண்டிமேல் உட்கார்ந்திருங்கள்.

மழைதான் எனக்கு முதன்மையான கணக்கு. பிற்பகலில் வானம் இருண்டால் செம்மண் கரைந்து தார்ச்சாலையில் வழியும். அதன்மேல் லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் நசுங்கிக் கிடக்கும். சூப்பர்பைக்கோடு வரும் டயர் மென்மையானது, சூடேறிய பிறகே நன்றாகப் பிடிப்பது, வெட்டுக்கோடு குறைந்தது. ஸ்போர்ட் டூரிங் டயரில் நடுப்பகுதி கடினமாகவும் ஓரம் மென்மையாகவும் இருக்கும். ஈரத்தில் பிடிப்பதற்காகச் சிலிக்கா கலந்திருப்பார்கள். மிச்சலின் ரோடு வரிசையும் பிரெல்லி ஏஞ்சல் ஜிடி வரிசையும் இந்த வகையைச் சேர்ந்தவை. நான் முன்னதையே விரும்புகிறேன். சூப்பர்பைக்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களும், தொழிற்சாலை டயர் தேய்ந்தவுடன் தங்கள் அளவில் ஸ்போர்ட் டூரிங் டயர் கிடைக்கிறதா என்று கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது.

செயினைப் பற்றியும் ஒரு சொல். செம்மண் பாதையில் ஓடும் வண்டியின் செயினை அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டியிருக்கும். அதற்குப் பின்சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். ஸ்போர்ட் டூரர் என்றால் நடு ஸ்டாண்ட் இருந்தே தீரும் என்று நம்பிவிடாதீர்கள், சிலவற்றில் இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும், பட்டறை அண்ணன் பரிந்துரைத்த பேடாக் ஸ்டாண்ட் என்னிடம் இருக்கிறது. சமமான சிமெண்டுத் தரை இல்லாத வீட்டில் அதை நம்பி 235 கிலோ வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பின்னிருக்கையும் பணமும்

பின்னால் உட்காரப் போகிறவரை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் அழைத்துச் செல்லவில்லை. என் மனைவி அந்தச் சூப்பர்பைக்கின் பின்னிருக்கையில் ஒரே ஒரு முறை, தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது உட்கார்ந்தார். திரும்பும்போது தம்பியின் காரில் ஏறிக்கொண்டார். உள்ளங்கை அகல மெத்தையும், முழங்காலை நெஞ்சருகே கொண்டுவரும் கால்மிதியும் மனிதர் உட்காருவதற்கு அல்ல என்பது அவருடைய முடிவு.

சாலை வரி உங்கள் முடிவை மாற்றாது. 800 சிசிக்கு மேற்பட்ட இரண்டுக்கும் ஆண்டுக்கு 350 ரிங்கிட்தான். 501 முதல் 800 சிசி வரை 250 ரிங்கிட். காப்புறுதி அப்படியல்ல, குறிப்பிட்ட மாடலின் பெயரைச் சொல்லி எழுத்து வடிவில் விலை வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். பெட்ரோல் டேங்க்கையும் கணக்கில் சேருங்கள்: இசட்எக்ஸ்-10ஆரில் 17 லிட்டர், 1000எஸ்எக்ஸில் 19. கிரிக்கிலிருந்து ஜெலி வரை காட்டுக்குள் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் அந்த இரண்டு லிட்டரின் அருமை தெரியும். எந்த டேங்காக இருந்தாலும் கிரிக்கில் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சூப்பர்பைக் சரியான தேர்வாக அமைகிறவர்கள் உண்டு. ஆண்டில் சில முறையாவது செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டப் பணம் கட்டிப் போகிறவர், வேலைக்குப் போக வேறு வண்டி வைத்திருப்பவர், தனியாக ஓட்டுபவர் ஆகியோர் அவர்கள். அந்த 5.543 கிலோமீட்டர் தடத்தில் 11,400 சுற்று என்பது வெறும் எண்ணாக இருக்காது. என் மச்சான் அப்படிப்பட்டவர். அவருடைய நோட்டில் செப்பாங் நான்கு முறை வந்திருந்தது. என் நோட்டில் ஒரு முறைகூட இல்லை.

இன்னொரு பின்சேர்க்கை: இரண்டுக்கும் நடுவே சுசூக்கி ஹயபூசாவை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1,340 சிசி எஞ்சின் 7,000 சுற்றிலேயே 150 நியூட்டன் மீட்டர் தருகிறது, இருக்கையும் தாழ்வு, நெடுஞ்சாலைக்கு அருமையான வண்டி. ஆனால் எடை 264 கிலோ. உங்கள் வீட்டு வாசல் எங்களுடையதைப் போலச் சரிவான செம்மண்ணாக இருந்தால், கடைக்குப் போகும்போது சாவியைக் கேட்காதீர்கள். எஞ்சின் அணைந்த நிலையில், கடை வாசலில் உள்ள ஏற்றத்தில், அதைப் பின்பக்கமாகப் பத்தடி தள்ளிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.