நிக்கோட்டினிக் ஏற்பி சினாப்ஸின் எந்தப் பக்கத்தில் இயங்குகிறது என்று கண்டறிவது எப்படி?

மூளைத் துண்டத்தில் நிக்கோட்டினைச் செலுத்தியதும் நியூரானில் பதிவாகும் மின்னோட்டம் மாறினால், அதற்குக் காரணமான நிக்கோட்டினிக் ஏற்பி (நிக்கோட்டின் பற்றித் தூண்டும் புரதம்) எந்த வகை என்று தேடுவதற்கு முன், அது சினாப்ஸில், அதாவது ஒரு நியூரான் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் சந்திப்பில், எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எலும்புத் தசையில் இந்த ஏற்பிகள் செய்தியைப் பெறும் பக்கத்தில் இருந்து சுருக்கத்தைத் தூண்டுகின்றன. மூளையிலோ அவற்றுள் பல, செய்தியை அனுப்பும் நரம்பு முனையில் இருந்துகொண்டு, தூண்டும் செய்திப்பொருளான குளூட்டமேட்டும், தடுக்கும் செய்திப்பொருளான காபாவும், டோபமினும் எவ்வளவு வெளியாகின்றன என்பதையே மாற்றுகின்றன.

நிக்கோட்டினுக்குப் பதிலாக, இந்த ஏற்பிகளை உடலில் இயல்பாகத் தூண்டும் அசிட்டைல்கோலினையே செலுத்துவதானால், அது தூண்டும் மற்றொரு வகையான மஸ்கரினிக் ஏற்பிகளை முன்னதாக அட்ரோபின் கொடுத்து அடைத்துவிட வேண்டும். அடுத்து, டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சைச் சேர்த்து, நரம்பிழை வழியே ஓடும் மின் துடிப்புகளான செயலழுத்தங்களை நிறுத்துங்கள். அப்போது எஞ்சுவன, செய்திப்பொருள் நிறைந்த ஒவ்வொரு நுண்பையும் தானாக வெடிப்பதால் எழும் சிறு மின்னோட்டங்கள் மட்டுமே. நிக்கோட்டினுக்குப் பின் அவற்றின் எண்ணிக்கை கூடி, உயரம் மாறாதிருந்தால், ஏற்பி அனுப்பும் முனையில் இருப்பதாகக் கொள்ளலாம்; உயரம் மாறினால் பெறும் பக்கத்தை ஆராய வேண்டும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டெட்ரோடோடாக்சின் சேர்த்ததும் விளைவு மறைந்துவிட்டால், அனுப்பும் பக்கத்தில் ஏற்பியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எலியின் மூளையில் இன்டர்பெடங்குலர் உட்கரு என்ற நியூரான் தொகுதியிலுள்ள, காபாவை வெளியிடும் நரம்பிழைகளில், ஏற்பிகள் முனைக்குச் சற்று முன்னால், இழையின் மீதே அமைந்திருப்பதற்கான சான்றை லேனா, ஷான்ஷோ, முல் ஆகியோர் 1993இல் வெளியிட்டனர். அத்தகைய ஏற்பி செயலழுத்தத்தை எழுப்பியே முனையை எட்டுவதால், டெட்ரோடோடாக்சின் அதன் விளைவை முழுமையாக அழித்துவிடும்.

இடம் தெளிவான பின் வகையைப் பாருங்கள். மூளையில் உள்ள நிக்கோட்டினிக் ஏற்பி வகைகளுள், சுமார் 10 நானோமோலார் மெத்தில்லைக்ககோனிட்டின் ஆல்பா7 ஏற்பியையும், சுமார் 1 மைக்ரோமோலார் டைஹைட்ரோ-பீட்டா-எரித்ராய்டின் ஆல்பா4பீட்டா2 ஏற்பியையும் அடைக்கும். கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சிலிருந்து கிடைக்கும் ஆல்பா-பங்காரோடாக்சினும் ஆல்பா7ஐ அடைக்கும் என்றாலும், கழுவினாலும் எளிதில் விலகாததால், மீட்சியையும் பதிவு செய்ய வேண்டிய சோதனைக்கு அது ஏற்றதன்று. ஆல்பா7 வழியே கால்சியம் மிகுதியாக நுழைவதால், அது முனையில் இருக்கும்போது வெளியீட்டை நேரடியாகவே தூண்ட வல்லது; ஆனால், அசிட்டைல்கோலின் செறிவு உயர்ந்தால் மில்லிநொடிகளில் செயலிழந்துவிடும். ஆகவே, அசிட்டைல்கோலினைக் குளியல் கரைசலில் மெதுவாகக் கலக்காமல், நுண்குழாயால் நியூரானின் அருகில் நொடிப்பொழுது பீய்ச்சுங்கள்.

புகைப்பவரின் மூளையில் நடப்பதை அறிய விரும்பினால், நிக்கோட்டினை ஒரு மைக்ரோமோலாருக்குக் குறைவாகவே வைத்து, நெடுநேரம் பதிவு செய்யுங்கள். டோபமின் நியூரான்கள் உள்ள, நடுமூளையின் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியில், இந்த அளவுக்குக் காபா நியூரான்களின் ஆல்பா4பீட்டா2 ஏற்பிகள் முதலில் தூண்டப்பட்டுச் சில நிமிடங்களில் செயலிழக்கின்றன. குளூட்டமேட் முனைகளின் ஆல்பா7 ஏற்பிகளோ பெருமளவு தொடர்ந்து இயங்குவதால், டோபமின் நியூரான்களின் மீதான தடை தளர்ந்து, தூண்டல் மேலோங்குகிறது. பதிவை முதல் சில நிமிடங்களிலேயே நிறுத்திவிட்டால் இந்த மாற்றம் கண்ணில் படாது.