காதுக்குள் குடியேறிய சில்வண்டு

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மில்லில் 11 வருஷமாக ரப்பர் தடி அறுக்கிறேன். போன ஆடியில் ஒரு ராத்திரி, மழை விட்ட பிறகும் சில்வண்டுச் சத்தம் நிற்கவில்லை, ஜன்னலைச் சாத்தினேன், அப்பவும் கேட்டது, அது வெளியே இல்லை, என் வலது காதுக்குள்தான் என்று புரிய இரண்டு நாள் ஆனது. "மக்களே, குக்கர் எத்தனை விசில் அடிச்சு?" என்று அம்மா கேட்டபோது நான் ஒன்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

முதலில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டேன் (நீங்கள் செய்யாதீர்கள்). அப்புறம்தான் நாகர்கோவிலில் காது டாக்டர். ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் படம்) தாளில் கோடு நேராக வந்து கீச்சென்ற சத்தம் இருக்கும் 4000 ஹெர்ட்ஸில் குழியாக இறங்கியிருந்தது. இரைச்சல் கேடு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியுமாம். உள்காதில் சத்தத்தை உணரும் முடி போன்ற செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. சத்தம் 85 டெசிபல் என்றால் காது ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கும், 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். ரம்பம் 100-ல் கத்தினால் வெறும் கால் மணி நேரம்!

இத்தனை நாள் பஞ்சு அடைத்தது வீண். நுரை இயர்பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு விரியும்வரை பிடிக்க வேண்டும். அதன்மேல் இயர்மஃப், காதை முழுசாக மூடும் கவசம். தேய்ந்த பேரிங்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் சண்டையும் போட்டேன், கீச்சல் நன்றாகவே குறைந்தது.

தூங்கும்போது ஃபேன் ஓடட்டும், முழு அமைதியில்தான் ரீங்காரம் பெரிதாகும். கோயில் கொடையில் சிங்காரி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. சில்வண்டு போகவில்லை, நினைத்தால்தான் கேட்கிறது. இதை எழுதும்போது கேட்கிறது.