ஸ்னோல ஓட்டணுமா, டயர் அகலத்த குறைங்க

கனடா வந்து முதல் கார் வாங்குறவங்க நெறைய பேர் பெரிய அலாய் ரிம், அகலமான டயர்னு பாத்து எடுத்துடுறாங்க, கோடைக்கு அது ஓகே, ஆனா ஸ்னோ விழ ஆரம்பிச்சா அந்த அகலமே வினையாகும். புதுசா விழுந்த பனி மேல அகல டயர் ஏறி மிதக்கும், ஒல்லி டயர் பனிய கிழிச்சுக்கிட்டு அடியில ரோட்ட பிடிக்கும்.

அதனால வின்டருக்கு தனியா டயரும் ரிம்மும் செட்டா வாங்கும்போது ஒல்லி டயரா, ரிம்ம ஒரு இன்ச் கம்மியா எடுங்க. டயர் பக்கவாட்டுல இருக்குற நம்பர்ல முதல்ல அகலம் மில்லிமீட்டர்ல, அடுத்து சைடுவால் (பக்கச்சுவர்) உயரம் அகலத்துல எத்தன சதவீதம்னு, கடைசில ரிம் இன்ச். கார்ல 225/45 ஆர்17 இருந்தா 205/55 ஆர்16 பாருங்க, மொத்த உயரம் 634க்கு 632 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டர்ல வித்தியாசமே தெரியாது. சைடுவால் ஒசரமா இருக்கும், பனி மூடின குழில எறங்கினாலும் ரிம் தப்பிச்சிடும், வெலையும் கம்மி. ஆனா சில மாடல்ல சின்ன ரிம் உள்ள இருக்குற பிரேக் காலிப்பர்ல (பிரேக் டிஸ்க்க கவ்வுற பாகம்) இடிக்கும், வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா கேட்டுக்குங்க. ஸ்டீல் ரிம்மே போதும், ரோட்ல பனிக்கு தூவுற உப்பு தண்ணில அலாய் பாழாகுறத பாத்தா மனசு வலிக்கும்.

ஆல் சீசன் டயர்னு பேர நம்பாதீங்க. 7 டிகிரிக்கு கீழ போனா அந்த ரப்பர் இறுகிடும். வின்டர் டயர் குளிர்லயும் மெத்துன்னு இருக்கும், ரோட்ட தொடுற ரப்பர் கட்டைங்க மேல பிளேடால கீறின மாதிரி நெளிநெளியா கோடு தெரியும், ஐஸ்ஸ கவ்வுறது அந்த கீறல் தான். சைடுவால்ல மூணு சிகர மலைக்குள்ள பனித்துகள் படம் இருக்கான்னு பாருங்க, வெறும் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ) முத்திரை போதாது. கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் சட்டப்படியே வின்டர் டயர் போட்டாகணும்.

மாத்தினா நாலையும் மாத்துங்க. முதல் வருஷம் காச மிச்சம் பிடிக்க முன்னாடி ரெண்டு மட்டும் போட்டேன், ஒரு ரைட் டர்ன்ல முன்பக்கம் ஒழுங்கா திரும்பிச்சு, பின்பக்கம் வழுக்கிக்கிட்டு எதிர் லேனுக்கே போயிடுச்சு, நல்லவேளை எதிர்ல யாரும் வரல. ஆல் வீல் டிரைவ் (நாலு வீலுக்கும் இன்ஜின் சக்தி போறது) இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க, அது கெளம்பத்தான் உதவும், பிரேக் போட்டா நிறுத்த வேண்டியது டயர் தான்.

வெப்பநிலை 5, 6 டிகிரி எறங்கினா டயர் காத்தழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கொறையும், மாசம் ஒரு தடவையாவது காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. டயர் கட்டைங்களோட உயரம் 4 மில்லிமீட்டருக்கு தேஞ்சிட்டா ஸ்னோக்கு அது லாயக்கில்ல. வீல் மாத்தி ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டினதும் நட்ட மறுபடி டைட் வைக்க மறந்துடாதீங்க.