சிப்காட் ஓரத்து வீடுகளுக்கு ஒரு பதிவேடு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் பகுதிகளில் குடியிருப்பவர்களும் புதுச்சேரித் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களும் வீட்டுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது நல்லது. இரசாயனங்களால் வரும் புற்றுநோய் உடனே தலைகாட்டுவதில்லை. பென்சீன் என்ற இரசாயனத்தால் வரும் இரத்தப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரலின் உறையில் வரும் புற்றுநோய்க்கோ 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் ஆலையின் பெயர் மாறியிருக்கும், ஒப்பந்ததாரர் போயிருப்பார், எந்தப் பிரிவில் எந்த டிரம்மைத் திறந்தோம் என்பது நமக்கே மறந்திருக்கும்.

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று போதும். முதல் பக்கங்களில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எங்கே, எந்தப் பிரிவில், எந்த ஷிப்டில் வேலை செய்தார் என்று எழுதுங்கள். டிரம் மீதுள்ள வணிகப் பெயரை மட்டும் குறித்தால் பயனில்லை, ஏனெனில் அது நாளை மாறிவிடும். லேபிளில் சிஏஎஸ் எண் என்று, ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உலகெங்கும் ஒன்றாக வழங்கும் கோடிட்ட எண் ஒன்று அச்சிடப்பட்டிருந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 71-43-2 என்றால் எந்த நாட்டு மருத்துவருக்கும் அது பென்சீன்தான்.

அடுத்த பகுதி நாற்றத்துக்கு. 'இரவு 11.40, மேல்காற்று, அழுகிய முட்டை நாற்றம், அரை மணி நேரம், குழந்தைக்குக் கண் எரிச்சல்' என்ற அளவுக்கு எழுதினாலே போதும். 'தாங்க முடியவில்லை' என்பதை விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் புகாரில் இது எடுபடும். ஆனால் மூக்கை முழுவதும் நம்பக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு உடனடி ஆபத்துள்ள வாயுதான், எனினும் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்படவில்லை. பென்சீனுக்கு இந்தியத் தரநிலை ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம்; அதன் மணம் நமக்குத் தெரியவோ ஏறத்தாழ ஆயிரம் மடங்காவது வேண்டும். நாற்றமில்லாத நாள் நல்ல நாள் என்று பொருளில்லை.

ஆய்வு அறிக்கைகளைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் இயல்பைவிடக் குறைந்தது 2000 மடங்கு என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் ஆய்வை மேற்கோள் காட்டிச் செய்திகள் வந்தன. இந்தியாவில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) மதிப்பீடு. அதை 2000 மடங்காக்கவே முடியாது. இத்தகைய கணக்குகளில் ஒப்பீடு பெரும்பாலும் '10 லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக' என்ற அளவோடு செய்யப்படுகிறது. அப்படிப் பார்த்தால் 2000 மடங்கு என்பது ஐந்நூறு பேரில் ஒருவர். அதுவும் சிறிதல்ல, ஆனால் வேறு எண். எதைவிட இத்தனை மடங்கு என்று கேட்காமல் எந்தப் பெருக்கலையும் நம்பாதீர்கள். பென்சீனையே எடுத்துக்கொண்டால், வாழ்நாள் முழுவதும் ஒரு கனமீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் என்ற அளவில் சுவாசித்தால் 10 லட்சம் பேரில் 6 பேருக்குக் கூடுதலாக இரத்தப் புற்றுநோய் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எனவே 5 மைக்ரோகிராம் தரநிலையிலேயே 10 லட்சத்துக்கு 30 பேர் வருகிறார்கள். தரநிலைக்குள் இருப்பது அபாயமே இல்லை என்பதாகாது.

கிணற்று நீரையும் போர் நீரையும் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் ஆய்வகத்தில் கொடுத்து, ஆர்செனிக், குரோமியம் உள்ளிட்ட உலோகங்களையும் பார்க்கச் சொல்லி, முடிவைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது; நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

ஆலையிலிருந்து வந்த சட்டையை வாசலில் உதறி வீட்டுத் துணியோடு ஊறப் போடும் வழக்கத்தை நிறுத்துவது செலவில்லாத காரியம். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் துணியைத் துவைத்த மனைவியருக்கே நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்தது வெளிநாடுகளில் பதிவாகியுள்ளது. கல்நாரோடு பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகிறது.

மருத்துவரிடம் போகும்போது பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். 'கம்பெனி வேலை' என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எந்த இரசாயனம் என்று தெரிந்தால்தான் எதைப் பார்ப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும். பென்சீன் புழங்கியவருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்ப்பதில் பயனுண்டு. உடல் முழுவதையும் ஸ்கேன் செய்யும் 'பேக்கேஜ்'களில் பணத்தைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் தெரியாத எடை இழப்பு, சிறுநீரில் இரத்தம், மூன்று வாரம் தாண்டிய இருமல், ஆறாத புண் இவற்றில் ஒன்று இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவைப்பட்டால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ பரிந்துரை பெறலாம்.

இஎஸ்ஐ அட்டை, சம்பளச் சீட்டு, பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றின் நகல்களைப் பதிவேட்டின் பின்னட்டையில் உறை ஒட்டிப் போட்டு, எல்லாப் பக்கங்களையும் செல்பேசியில் படமெடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். 2015 டிசம்பர் போல வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பரணுக்குக் கீழே இருக்கும் காகிதங்கள்தான்.