புதுப் படத்துக்கு ஐடியா வரலையா? நோட்ட எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போங்க

என்ன வரையன்னே தெரியலன்னு கேக்குற பிள்ளையளுக்கு நான் மொதல்ல சொல்லுதது இதுதான், வீட்டுக்குள்ள உக்காந்து யோசிக்காதிய, போன்ல அடுத்தவங்க படத்தயே தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டு இருக்காதிய, ஒரு சின்ன நோட்டும், மெத்துனு கருப்பா விழுற 4பி பென்சிலும் எடுத்துக்கிட்டு வெள்ளன கெளம்பிருங்க. வரைய ஆரம்பிச்ச பொறவுதான் எத வரையணும்ங்குறதே தெரிய வரும், ஐடியா வரட்டும் பொறவு உக்காருவோம்னு இருந்தா நோட்டு காலியாவே கெடக்கும்.

எங்க போகன்னு கேட்டா நான் திருநெல்வேலியில தாமிரபரணி ஆத்துல இருக்குற குறுக்குத்துறையத்தான் சொல்லுவேன். முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே நிக்கி, வெள்ளம் வந்தா கோயிலயே தண்ணி சூழ்ந்துரும், அங்கன கல் மண்டபம் இருக்கு பாருங்க, அதுக்குள்ள நிழல்ல உக்காந்து வெளிய ஆத்தப் பாருங்க. உள்ள இருட்டு, வெளிய தண்ணி கண்ணக் கூசுது. இத போன்ல போட்டோ புடிச்சா தூண் சரியா விழுந்தா ஆறு வெளுத்துப் போயிரும், ஆறு சரியா விழுந்தா தூண் கருப்பா அடைச்சுக்கிடும், நம்ம கண்ணு ரெண்டையும் சேத்துப் பாக்கும். இன்னும் கொஞ்ச நேரம் அசையாம இருந்தா தண்ணியில பட்ட வெயிலு கீழருந்து ஏறி மண்டபத்து மேக்கல்லோட அடியில ஆடிக்கிட்டு கெடக்குறது தெரியும், தூணோட நிழல் பக்கத்துலயும் அது லேசா விழுந்திருக்கும். எந்தப் படத்துக்கும் உசிரு இந்த மாதிரி எடத்துலதான் இருக்குன்னு நான் நம்புதேன்.

அத அப்பவே எழுத்துல குறிச்சு வச்சுக்கிடுங்க. ஸ்கெட்ச் பக்கத்துலயே "தூண் அடி நனைஞ்ச சாம்பல், மேல காஞ்ச பழுப்பு, மேக்கல்லு மோர் மஞ்சள்"னு உங்களுக்குப் புரியுற வார்த்தையில எழுதுனா போதும். ஆறு மாசம் கழிச்சு நோட்டப் புரட்டும்போது போட்டோவ விட இந்த ஒரு வரி நல்லா எடுத்துக் குடுக்கும். அதே மண்டபத்துக்கு காலைல போங்க, உச்சி வெயில்ல போங்க, பொழுது சாயும்போது போங்க. சாரல் சீசன்ல மேற்க மலைப் பக்கம் வானம் ஒரு நெறமா இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில ஆறே கலங்கி செம்மண்ணா ஓடும், எடம் ஒண்ணுதான், படம் வேற வேற. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890கள்ல ரூவான் நகரத்து சர்ச் முகப்ப மட்டும் 30 படத்துக்கு மேல வரைஞ்சாரு, வெளிச்சம் மாற மாற.

பொறவு வீட்டுக்கு வந்து தீப்பெட்டி அளவுல கட்டம் போட்டு அதுக்குள்ள படத்த அடக்குங்க. மூணே டோன், காகித வெள்ளை, நடு சாம்பல், அடர் கருப்பு, அவ்ளோதான், விவரம் எதுவும் வேண்டாம், கண்ண இடுக்கிக்கிட்டுப் பாருங்க. தீப்பெட்டி அளவுல நிக்காத படம் பெரிய கேன்வாஸ்லயும் நிக்காது, அதனால இந்த சோலிய மட்டும் அவசரப்பட்டு முடிக்காதிய, ஒரு பக்கம் நெறைய போட்டுப் பாத்து ஒண்ண எடுங்க.

கலருக்கு நிறைய டியூப் வாங்கணும்னு இல்ல. திசையன்விளை, உடன்குடி பக்கம் தேரிக்காட்டுக்குப் போனா மண்ணு அப்படி செவந்து கெடக்கும், அதுக்குக் காரணம் மணல்ல ஒட்டியிருக்குற இரும்பு ஆக்சைடு. காவிக்கல்லுலயும் அதேதான், கடையில வாங்குற பர்ன்ட் சியன்னாங்குற செம்பழுப்புக் கலர்லயும் அதேதான். அந்த பர்ன்ட் சியன்னாவோட அல்ட்ராமரைன் நீலத்தச் சேத்தா சாம்பல் கெடைக்கும், நீலம் கூடுனா மழை மேகம், பழுப்பு கூடுனா நனைஞ்ச கல்லு. இந்த ரெண்டே கலர்ல ஒரு முழுப் படம் முடிச்சுப் பாருங்க, கை தானா வெளிச்சத்தத் தேட ஆரம்பிச்சிரும்.

நம்ம ஊர்ல முன்னாடி வரைஞ்சவங்களயும் பாக்காம விட்றாதிய. திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள்ள மாடம் மாடமா சுவர் ஓவியம் இருக்கு, மரச் சிற்பமும் இருக்கு, மேல ஏறணும்னா அனுமதி கேட்டுட்டு ஏறுங்க. சாமி கதையோட கப்பல்ல குதிரை வந்து எறங்குறதயும் வரைஞ்சு வச்சிருக்காவ, அவங்க காலத்துல நடந்தத பயமில்லாம கோயில் சுவத்துலயே சேத்துட்டாவ, நாம மட்டும் ஏன் பஸ் ஸ்டாண்டயும் பீடி சுத்துற அக்காவையும் வரைய யோசிக்கணும்? குத்தாலம் சித்திர சபையில நடராசரே ஓவியமாத்தான் இருக்காரு, அங்கன நின்னு ஒரே ஒரு கையோட கோட்ட மட்டும் நோட்டுல காப்பி பண்ணுங்க, தொடாதிய, ஃப்ளாஷ் போடாதிய. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு நாடகத்துக்கு பின்னாடி தொங்குற சீன் திரை வரைஞ்சவரு, பொறவு காலண்டர் சாமி படத்துல பேரு வாங்குனாரு. பழைய வீட்டுல அவர் படம் தொங்குனா சாமிக்குப் பின்னாடி இருக்குற மலையையும் வானத்தையும் பாருங்க.

படம் பாதியில நின்னு போச்சுன்னா சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சிட்டு ஒரு வாரம் வேற சோலி பாருங்க, பொறவு கண்ணாடியில காட்டிப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு சட்டுன்னு தெரிஞ்சிரும். அப்பவும் ஒண்ணும் தோணலன்னா நோட்டுல ரெண்டு பக்கத்த எடுத்து ஒண்ணாச் சேருங்க, குறுக்குத்துறை வெளிச்சத்த பத்தமடையில பாய் நெய்யுற வீட்டுத் திண்ணையில போட்டா எப்படி இருக்கும்னு ஒரு தீப்பெட்டி கட்டத்துல பாக்குறதுக்கு பத்து நிமிசம்தான் ஆகும்.

சாரல் நேரத்துல குத்தாலத்துல வரையப் போறியன்னா வாட்டர்கலர் கொண்டு போகாதிய, ஈரக் காத்துல தண்ணியா தடவுன ஒரு பூச்சு காயவே காயாது, மேல தூத்தல் வேற விழும். பால்பாயிண்ட் பேனாவும் கெட்டி அட்டை நோட்டும் போதும், கலர வீட்டுல வந்து பைய போட்டுக்கிடலாம்.