ஒரு டாக்டர் போடச் சொன்ன மாத்திரையை இன்னொருவர் நிறுத்தச் சொன்னால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஒருவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. "ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்கிறார் பல் டாக்டர். ஸ்டென்ட் வைத்த இதய டாக்டரோ டிஸ்சார்ஜ் அன்றே, "எங்களைக் கேக்காம இதை நிறுத்தவே கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் என்ன நடக்கும்? கடைசியாகப் பார்த்த டாக்டர் சொன்னதுதான் நடக்கும். மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடும். முரணான மருந்து ஆலோசனை வரும்போது நாம் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான்.

ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைக்கப்படும் உலோக வலை. குழாயின் உட்புறச் சவ்வு அதன் மேல் படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்த வலையின் மீது ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தருகிறார்கள். அதற்கப்புறமும் ஒன்றையாவது தொடரச் சொல்வார்கள். நடுவில் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பே வரலாம்.

பல் டாக்டரின் கவலையும் நியாயமானதுதான். பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கிறார். ஆனால் வாயில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், மருந்து வைக்கலாம். அதனால்தான் சாதாரணமாக ஒன்றிரண்டு பல் எடுப்பதற்கு இந்த மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே முடிவு செய்யவும் கூடாது. ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆகிறது, எத்தனை பல், வேறு என்ன நோய் என்பதையெல்லாம் பார்த்து இரண்டு டாக்டர்களும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது.

அவர்களைப் பேச வைப்பது நம் வேலை. பல் டாக்டரிடம் இப்படிக் கேட்டால் போதும்: "டாக்டர், ஹார்ட் டாக்டர் இதை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறீங்களா? இல்லன்னா ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க, நான் காட்டி பதில் எழுதி வாங்கிட்டு வந்துடறேன்." எழுதி வாங்குவது முக்கியம். "அந்த டாக்டர் ஓகே சொல்லிட்டார்" என்று வாய்வழியாகப் போகும் செய்தி, பாதி வழியிலேயே மாறிவிடுகிறது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது

டாக்டர்கள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒவ்வொருவரும் நம் உடம்பின் ஒரு பகுதியை மட்டும் பார்ப்பதுதான். மூட்டு வலிக்குப் போகிறோம். வலியைப் பற்றிக் கேட்கிறார், சொல்கிறோம். டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுக்கிறார். பி.பி.க்காக டெல்மிசார்டனும், நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த டெல்மா-ஹெச் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பதை அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. டெல்மிசார்டன் வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயை விரிக்கிறது. நீர் மாத்திரை உடலின் நீரையே குறைக்கிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும். வயதானவர்களுக்கும், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்திலும் இது இன்னும் வேகமாக நடக்கும். பிறகு சிறுநீரக டாக்டர், "யார் இந்த வலி மாத்திரை கொடுத்தது?" என்று கேட்பார். கொடுத்தவருக்கு முழு விவரம் போய்ச் சேரவே இல்லை.

"பி.பி. மாத்திரை போடறேன்", "வெள்ளையா சின்னதா இருக்கும்" என்பதெல்லாம் எந்த டாக்டருக்கும் உதவாது. பெயரும் அளவும் வேண்டும். இன்னொரு டாக்டரின் சீட்டை மறைப்பது இதைவிட மோசம். "வேற ஒருத்தர்கிட்ட போனோம்னு தெரிஞ்சா கோச்சுக்குவாரோ" என்று பழைய சீட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் நிறைய. அவர் ஒரு நிமிடம் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். இரண்டு சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

தமிழ்நாட்டில் இது அடிக்கடி நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலிலோ, பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கிடைக்கிறது. அந்த அட்டையில் அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயரே இருக்கும். நடுவில் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்தால் அவர் டெல்மா-ஏஎம், கிளைகோமெட்-ஜிபி என்று கம்பெனிப் பெயரில் எழுதுவார். முதலாவதில் டெல்மிசார்டனோடு அம்லோடிபின் இருக்கிறது. இரண்டாவதில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு இருக்கிறது. "அது கவர்மென்ட் மாத்திரை, இது நல்ல மாத்திரை, ரெண்டும் போட்டா நல்லதுதானே" என்று இரண்டையும் விழுங்கினால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். கால் வீக்கம், தலைசுற்றல் என்று அடுத்த டாக்டரைத் தேடிப் போவார்கள். அவர் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதுவார்.

பாராசிட்டமாலும் அப்படித்தான். டோலோ, கால்பால் இரண்டும் அதுதான். ஜெரோடால்-பி-யில் வலி மருந்தோடு அதுவும் கலந்திருக்கிறது. ஆகவே அட்டையின் முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், மருந்துக் கடையில் இருக்கும் ஃபார்மசிஸ்ட்டிடம் "இதுல எது எது ஒண்ணு?" என்று கேளுங்கள். மருத்துவர்கள் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி கொண்டுவந்திருக்கிறது. புரியாத சீட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதித் தரச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மருந்துப் பெயர், மில்லிகிராம், வேளை, எந்த டாக்டர் எதற்காகக் கொடுத்தார், எப்போது ஆரம்பித்தது. கீழே ஒவ்வாமைகள், கடைசி கிரியேட்டினின், செய்துகொண்ட ஆபரேஷன்கள். இன்சுலின், சித்த மருந்து, கஷாயம், கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, கால்சியம், இரும்புச் சத்து எல்லாமே அதில் இருக்க வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இதைத் தாளைப் பார்க்கும் டாக்டர்தான் கவனித்துச் சொல்ல முடியும்.

அப்புறம், குழப்பம் தாங்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, மெட்டோபிரோலால் போன்ற இதய மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே பெரிய ஆபத்து. பதில் கிடைக்கும்வரை என்ன செய்வது என்பதை அந்த மருந்தை எழுதியவரிடமே போனிலாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருமே சரியாக இருக்கும்போது

முழு விவரமும் தெரிந்த பிறகும் இரண்டு நல்ல டாக்டர்கள் மாறிச் சொல்வதுண்டு. உயர் ரத்த அழுத்தம் 130/80-இல் தொடங்குகிறது என்று 2017-இல் அமெரிக்க இதய அமைப்புகள் வரையறுத்தன. அடுத்த ஆண்டே ஐரோப்பிய வழிகாட்டுதல் 140/90 என்ற பழைய எல்லையைத் தக்கவைத்தது. சர்க்கரையிலும் அப்படித்தான். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்குள் இருக்கட்டும் என்பது பலருக்கும் பொருந்தும் இலக்கு. எண்பது வயதில் பல நோய்களோடு இருப்பவருக்கு 8 வரை போகட்டும், தாழ்சர்க்கரையில் மயங்கி விழாமல் இருப்பது முக்கியம் என்று இன்னொருவர் மாத்திரையைக் குறைப்பார். "ஒருத்தர் கூட்டறார், ஒருத்தர் குறைக்கறார், யாருக்குமே ஒண்ணும் தெரியல" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில் தவறு. "இந்த மருந்தால இவருக்கு என்ன கிடைக்கும், இல்லன்னா என்ன ஆகும், இவர் வயசுக்கு எதைப் பாத்து பயப்படணும்?" என்று இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். இரவில் வியர்த்து எழுந்தது, குளியலறையில் தடுமாறியது போன்ற, டாக்டருக்குத் தெரியாத வீட்டு விவரங்களையும் சொல்லுங்கள். அதைக் கேட்டபின் முதல் டாக்டரே தன் இலக்கை மாற்றிக்கொள்ளலாம். அப்படியும் ஒத்துவராவிட்டால் ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, எல்லாச் சீட்டையும் கடைசியில் அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ஏற்பாடு செய்வது நல்லது.

மூன்றாவது கருத்து கேட்கப் பழைய ரெக்கார்டுகள் தேவைப்பட்டால், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கொடுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம். ஆனால் நெஞ்சு வலி, கருப்பாக மலம், நிற்காத ரத்தம், மயக்கம், முகமோ நாக்கோ வீங்குவது என்று ஏதாவது ஒன்று வந்தால் எந்த டாக்டர் சொன்னது சரி என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அந்தத் தாளையும் மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.