ஓடும் நீரில் துகள்கள் எந்தப் பக்கம் திரும்பும்? ஒளியைக் கொண்டு வீட்டிலேயே அளக்கலாம்

திருநெல்வேலியில் ஓடும் பாளையங்கால்வாயில் கரையோரமாக மிதந்து போகும் வைக்கோல் துரும்பைக் கவனியுங்கள். அதன் கரைப்பக்க முனையை நீர் மெதுவாகவும், நடுப்பக்க முனையை வேகமாகவும் இழுக்கிறது. அதனால் துரும்பு சுழல்கிறது. ஆனால் ஒரே சீராக அல்ல: ஓட்டத்தின் நீளவாட்டில் படுத்தபடி வெகுநேரம் போகிறது, குறுக்கே வந்தால் சட்டென்று புரண்டுவிடுகிறது. 1922-இல் ஜெஃப்ரி என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். துகள் மிகச் சிறியதாக இருந்தால் நீர் மூலக்கூறுகளின் மோதலும் சேர்ந்துகொள்ளும். ஓட்டம் வரிசைப்படுத்தப் பார்க்கும், மோதல் கலைக்கப் பார்க்கும். இதில் எது ஜெயிக்கிறது என்பதை ஒரு கோணமாக அளந்துவிடலாம்.

வரிசையாக நிற்கும் துகள்கள் இரட்டை ஒளிவிலகலை உண்டாக்கும், அதாவது உள்ளே வரும் ஒளி அதன் அதிர்வுத் திசையைப் பொறுத்து இரு வேறு வேகங்களில் போகும். இப்படி ஓட்டத்தால் வரும் இரட்டை ஒளிவிலகலுக்கு 1928-இல் கோட்பாடு தந்த இருவர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும். கிருஷ்ணன் 1898-இல் பிறந்த வத்திராயிருப்பு அப்போது திருநெல்வேலிச் சீமையில்தான் இருந்தது. ஆகவே இது நம் ஊருக்கும் கொஞ்சம் சொந்தமான விஷயம்.

முதலில் கலவை. எர்த் குழி போடும் எலெக்ட்ரீஷியனிடம் பென்டோனைட் தூள் கிடைக்கும். இந்தக் களிமண் மிக மெல்லிய தகடுகளால் ஆனது. 100 மில்லி பேட்டரித் தண்ணீரில் 3 கிராம் தூளைப் போட்டு நன்றாகக் குலுக்கி, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு மேலே உள்ள கலங்கல் நீரை மட்டும் எடுங்கள். கிணற்று நீர் வேண்டாம். உவரி, திசையன்விளைப் பக்கத்து உவர் நீர் என்றால் நினைக்கவே வேண்டாம். உப்பு பட்டால் களிமண் திரண்டுவிடும். எடுத்த நீருடன் அதே எடை கிளிசரினைக் கலந்துகொள்ளுங்கள். பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, தண்ணீரைப் போல் சுமார் 5 மடங்கு ஆகும். அதன் பலன் பின்னால் தெரியும்.

அடுத்தது ஒளி. பழைய எல்.சி.டி. திரை ஒன்றைப் படுக்க வைத்து, திரை முழுதும் வெள்ளையாக ஒளிரச் செய்து, மேலே கண்ணாடிப் பலகை போடுங்கள். திரையின் ஒளி ஏற்கெனவே துருவணப்பட்டதுதான்: திரையின் முகத்தில் உள்ள தகடு ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் வெளியே விடுகிறது. அந்தத் திசைதான் தகட்டின் அச்சு. பழுதான கால்குலேட்டரில் இருந்து உரித்த, அதே வேலை செய்யும் போலராய்டு தகட்டைத் திரைக்கு மேலே பிடித்துத் திருப்பினால் ஓரிடத்தில் திரை இருண்டுபோகும். அந்த நிலையிலேயே தகட்டைப் பொருத்திவிடுங்கள். இப்போது கலவையைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இடையில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். இருட்டில் பட்டு நூல் இழைகள் போல வெளிச்சக் கோடுகள் சுருண்டு ஓடி, சற்று நேரத்தில் அணைந்துவிடும். இந்தக் கோடுகள் வராவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள், கலவையை மறுபடி செய்யுங்கள்.

இனி பாத்திரம். தட்டையான அடி கொண்ட, 28 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்று. அதன் நடுவே 25 மி.மீ. சோதனைக்குழாய். குழாயின் உட்புறம் கறுப்புச் சாயம் பூசுங்கள். பிளாஸ்டிக் புட்டி கூடாது, அதற்குள் இருக்கும் இறுக்கமே வண்ணம் காட்டிக் குழப்பும். இரண்டுக்கும் இடையில் கலவையை ஊற்றி, புட்டியைத் திரைக்கும் தகட்டுக்கும் நடுவே வையுங்கள். சிறிய கியர் மோட்டாரை ஒரு மெல்லிய இரும்பு ஸ்கேலில் மாட்டிக் குழாயைச் சுழற்றுங்கள். நடு மையம் சரியாக அமைவதுதான் இந்த வேலையில் மிகவும் எரிச்சலூட்டும் பகுதி. பொறுமையைத் தவிர வேறு மருந்து இல்லை.

நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் குழாயின் பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 78 மி.மீ. நகரும். இடைவெளி 1.5 மி.மீ. வேகத்தை இடைவெளியால் வகுத்தால் நொடிக்கு 52. இதுதான் சறுக்கு வீதம், நீர் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் வேகம்.

இப்போது நேர் மேலே இருந்து போனில் படம் எடுங்கள். இடைவெளி ஒளிரும் வளையமாகவும், அதன்மேல் நான்கு இருண்ட கைகள் சிலுவை போலவும் தெரியும். மெதுவாகச் சுற்றும்போது கைகள் திரைத் தகடு, போலராய்டு தகடு இரண்டின் அச்சுகளுக்கு நடுவே, 45 பாகையை ஒட்டி நிற்கும். வேகம் கூடக் கூட அச்சை நோக்கி நகரும். துகள்கள் ஓட்டத்தோடு படுத்துவருகின்றன என்று பொருள். அளக்க ஒரு பழைய உத்தி உண்டு. அதே வேகத்தில் மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டி இன்னொரு படம் எடுங்கள். கைகள் அச்சுக்கு மறுபக்கம் விழும். ஓர் அச்சின் இருபுறமும் உள்ள அந்த இரு கைகளுக்கு இடைப்பட்ட கோணத்தில் பாதிதான் உங்கள் விடை. அச்சு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் பக்கவாட்டில் அடுக்கடுக்காக வளையங்கள் தோன்றும். 1923-இல் டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் விளக்கிய சுழல்கள் அவை. அதற்கு மேல் எடுக்கும் அளவு எதுவும் செல்லாது. வெறும் தண்ணீரில் இந்தத் தொல்லை 60 சுற்றை ஒட்டியே வந்துவிடும். கிளிசரின் சேர்த்தது இதற்காகத்தான். துகள்களின் தாறுமாறான திரும்பலையும் அது மந்தமாக்குகிறது.

சித்திரை, வைகாசியில் காலைக்கும் மதியத்துக்கும் விடை மாறும். வெப்பம் 1 பாகை ஏறினால் தண்ணீரின் பாகுநிலை மட்டும் சுமார் 2 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு படத்தோடும் கலவையின் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். எல்லாம் முடிந்த பின் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி சுழற்றிப் பாருங்கள், களிமண் திரண்டு சிலுவை கெட்டுப்போகும். அந்தக் கலவை பிறகு எதற்கும் ஆகாது என்பதால் இந்தச் சோதனையைக் கடைசியில் வையுங்கள்.